ஓடும் நீரும் நிற்கும் நீரும்

தெப்பம் என்றவுடன் நம் பக்கத்தவர்களுக்குக் கோயில் குளந்தான் நினைவுக்கு வரும். தீபாலங்காரமும் மேளவாத்தியமுமாக, கரையில் நிற்பவர்கள் வடத்தைப் பிடித்து இழுக்க, அசைந்தும் அசையாமலும் நீராழி மண்டபத்தை வலம் வரும் தெப்பத்தைப் பார்த்து யாரும் உயிரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. குளத்து நீர் நின்ற இடத்தில் நிற்கும். தெப்பம் இழுத்த இழுப்புக்கு வரும்.

இந்நாளில் எங்கள் ஊர் இளைஞர்கள் விரும்பி ஏறுகிற தெப்பமோ வேறு ஜாதி. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் காசி, ஹரித்வாரம் என்று யாத்திரை புறப்படும் குடும்பங்கள் ரிஷிகேசத்தில் ஒருநாள் தங்காமல் திரும்புவதில்லை. பெரியவர்கள் கங்கா ஸ்நானத்தை முடித்துக்கொண்டு மாலை ஆரத்திக்காகக் காத்திருக்க, பிள்ளைகளும் பெண்களும் மாப்பிள்ளையுமாகச் சிவபுரிக்கோ பிரம்மபுரிக்கோ வண்டியேறி, அங்கிருந்து காற்றடைத்த ரப்பர் தெப்பத்தில் நுரைத்துப் பாயும் கங்கையின் மேல் கீழ்நோக்கி வருகிறார்கள். இதற்கு ராப்டிங் என்று பெயர். நனைந்த முகமும் உயர்த்திய துடுப்புமாக எடுத்த போட்டோ அன்றிரவே ஊருக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பாட்டிமார்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது கங்கைக்காகவா, பேரனுக்காகவா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இந்த விளையாட்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒழுங்காக நடத்தினால் உடம்புக்கும் உள்ளத்துக்கும் இவ்வளவு உத்ஸாகம் தரும் விளையாட்டுகள் சிலவே உண்டு. ஆயினும் பல வருஷங்களாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. "எனக்கு நீச்சல் தெரியும், ஸார்" என்று நம் பக்கத்துப் பையன் சொல்லும்போது, அவன் சொல்வது கிணற்று நீச்சலை.

நம்முடையது வறண்ட பூமி. இறவைக் கிணற்றிலும், நல்ல மழை பெய்த வருஷங்களில் கண்மாயிலும்தான் இங்கே நீச்சல் பழகுகிறார்கள். முன்பெல்லாம் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுத் தகப்பனார் கிணற்று மேட்டிலிருந்து தள்ளிவிடுவார். நாலு நாள் தண்ணீர் குடித்தபின் ஐந்தாம் நாள் குடுக்கை வேண்டியிராது. அப்படிப் பழகியவன் மூச்சடக்கி அடிமண்ணை அள்ளி வருவான். உச்சியிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதிப்பான். மெச்ச வேண்டிய திறமைதான். ஆனால் அவன் அறிந்ததெல்லாம் நிற்கும் நீர். கிணற்று நீர் அவனைத் தாங்கும். அவன் மீது வந்து மோதுவதில்லை. ஓடும் நீர் தாங்குவதற்கு முன்பே தள்ளிவிடுகிறது.

எவ்வளவு தள்ளும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு கன மீட்டர் ஜலத்தின் எடை 1,000 கிலோ. அது ஓடும் வேகம் இரண்டு மடங்கானால் குறுக்கே நிற்பவன் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. முழங்காலளவு தண்ணீர்தானே என்று இறங்குகிறவனை அதே முழங்காலளவு தண்ணீர் புரட்டிவிடுவதன் காரணம் இதுவே. ஆழத்தைக் கண்ணால் ஒருவாறு மதிப்பிடுகிறோம். வேகத்தை மதிப்பிட நம் கண்ணுக்குப் பழக்கமில்லை. கிணற்றங்கரையில் அதற்குச் சந்தர்ப்பம் ஏது?

மேற்கே இருக்கும் மலை

ராப்டிங் தெப்பம் மிதக்கக்கூடிய ஜீவநதி எங்கள் ஜில்லாவில் இல்லை. காட்டாறுகள் உண்டு. ராஜபாளையத்திலிருந்து மேற்கே போனால், ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கும் அப்பால், மலையடிவாரத்தில் அய்யனார் கோயில். அங்கே பாறைகளுக்கிடையே விழுந்தோடி வரும் நீரில் குளிக்க விடுமுறை நாட்களில் கூட்டங்கூட்டமாக ஜனங்கள் போகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்பு. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள். அதற்கு அருகில் தாணிப்பாறையிலிருந்து ஏறினால் சதுரகிரி. 1988-ல் சாம்பல் நிற மலை அணில்களுக்காகச் சரணாலயமாக ஒதுக்கப்பட்டு, 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு இந்த மலைச்சரிவில்தான் இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால், 1,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிகரங்கள் மிகக் குறுகிய தூரத்துக்குள் எழும்பி நிற்பதைக் காணலாம். இவ்வளவு செங்குத்தான சரிவில் மழை பெய்தால் நீர் ஊறி நிற்க இடமில்லை. பாறை மீது விழுந்தது விழுந்தபடி ஓடைக்கு வருகிறது. பல ஓடைகள் ஒரே பள்ளத்தில் கூடுகின்றன. சமவெளி நதியில் வெள்ளம் ஏற ஒருநாள், இரண்டு நாள் ஆகும். இங்கே குளித்துக்கொண்டிருப்பவன் தலை துவட்டுவதற்குள் ஏறிவிடும். அதிலும் மழை உச்சியில் பெய்யும். அடிவாரத்தில் வெயில் காயும். வானம் தெளிவாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வெள்ளத்தில் அகப்பட்டவர்கள் பலர்.

2015-ஆம் வருஷம் மே மாதம் அமாவாசையை ஒட்டிச் சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க ஆயிரக்கணக்கானோர் ஏறியிருந்தனர். மலையில் பெய்த கடுமழையால் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் புரண்டது. வழியில் கடக்க வேண்டிய ஓடைகள் ஒன்றிரண்டல்ல. இறங்கும் அவசரத்தில் ஓடையைக் கடக்க முயன்றவர்களில் பலர் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். மேலே தங்கிவிட்டவர்கள் பசியோடும் குளிரோடும் காத்திருந்து பிறகு இறங்கினார்கள்; வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2024-ஆம் வருஷம், அதே மே மாதத்தில், பழைய குற்றாலத்தில் வெயிலும் சாரலுமாயிருந்த பகல் வேளையில் அருவி ஒரு சில நிமிஷங்களில் செந்நீராகப் பொங்கிப் படிக்கட்டு வழியே பாய்ந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவனை அது கொண்டுபோயிற்று.

இரண்டும் மே மாதம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தென்மேற்குப் பருவம் ஜூனில்தான் தொடங்கும். ஆகவே கோடை விடுமுறையில் ஆறு சாதுவாக இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. கோடையில் பிற்பகலில் இடியோடு பெய்யும் மழை இந்த நம்பிக்கையை மதிப்பதில்லை. பள்ளிக்கூடம் மூடியிருப்பதும், மலையில் இடிமழை பெய்வதும் ஒரே மாதத்தில் வந்து சேருகின்றன.

காட்டாறு முன்னறிவிப்புத் தராமல் வருவதில்லை. தருவதை நாம் பார்ப்பதில்லை. தெளிந்த நீர் சற்றே கலங்கும். சருகும் சுள்ளியும் வழக்கத்துக்கு அதிகமாக மிதந்து வரும். காலடியில் வெளியே தெரிந்துகொண்டிருந்த கல் மறைந்துவிடும். மேலே எங்கோ மாட்டுவண்டிகள் வரிசையாகப் போவது போன்ற சப்தம் கேட்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துணியையும் செருப்பையும் பாத்திரத்தையும் போட்டுவிட்டு, பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும். ஆற்றின் போக்கிலேயே கீழே ஓடுவது வெள்ளத்தோடு பந்தயம் ஓடுவதாகும். அக்கரையில் இருப்பவர் அக்கரையிலேயே ஏறிவிட வேண்டும். புளியோதரைத் தூக்கு இக்கரையில் இருக்கிறதே என்று கடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரிசலும் ரப்பர் தெப்பமும்

தமிழ்நாட்டில் பாய்ந்தோடும் நீரின் மேல் பயணம் செய்ய நினைப்பவர் போக வேண்டிய இடம் தர்மபுரி ஜில்லாவிலுள்ள ஒகேனக்கல். மூங்கிலைப் பின்னி, அடியில் முன்காலத்தில் தோலும் இப்போது வேறு விரிப்புகளும் போர்த்திய வட்டப் பரிசல், காவிரியின் பாறை இடுக்குகளில் ஒற்றைத் துடுப்போடு சுழன்று செல்வது பார்க்கப் பயமாயும் அழகாயும் இருக்கும். அங்குள்ள ஏற்பாடு கவனிக்கத்தக்கது. ஆறு தமிழ்நாட்டுக்குள் புகும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நீரின் அளவை அளக்கிறது. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று கணக்கு வருகிறது. அளவு மிகும்போது பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை விதிக்கிறார்கள். பரிசல்காரருக்கு அன்றைய கூலி போகிறது; வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனினும், இறங்கலாமா என்பதைத் தீர்மானிப்பது ஆசையாக இராமல் அளவாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ராப்டிங் செய்பவர்களும் இப்படியே ஆற்றை அளந்து வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் நீரோட்டங்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்றால் சிற்றலை. இரண்டு, மூன்று புதிதாக வருபவர் நல்ல வழிகாட்டியோடு போகத் தக்கவை. நான்கு என்றால் முன் அநுபவம் வேண்டும். ஐந்து நிபுணர்களுக்கு மட்டும். ஆறு என்பது படகு போக முடியாதது என்றே கொள்ளலாம். ஆனால் இந்தத் தரம் கல்லில் வெட்டிய எழுத்தன்று. மூன்றாந்தரமான இடம் மழைக்குப் பின் நான்காகிவிடும். ஆகையால் "இது எத்தனையாவது தரம்?" என்று கேட்பதைக் காட்டிலும், "இன்றைய தண்ணீரில் இது எத்தனையாவது தரம்?" என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

கங்கையில் கௌடியாலாவிலிருந்து தொடங்கும் நெடும்பகுதி கடினமானது, பிரம்மபுரியிலிருந்து வரும் குறும்பகுதி எளியது, சிவபுரி இடைப்பட்டது. குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்குப் பிரம்மபுரி போதும். தெற்கே கர்நாடகத்தில் தண்டேலிக்கருகில் காளி நதியிலும், மகாராஷ்டிரத்தில் கோலாடு என்ற ஊரில் குண்டலிகா நதியிலும் தெப்பம் விடுகிறார்கள். இவ்விரண்டும் மின்சாரத்துக்காக அணையிலிருந்து விடும் நீரை நம்பியவை. மதகு திறந்தால் ஆறு, மூடினால் பாறை. இலங்கையில் களனி கங்கையின் மேற்பகுதியில் கித்துள்கலை என்ற மழைக்காட்டு ஊர் இந்த விளையாட்டுக்குப் பெயர்போனது. யாழ்ப்பாணத்து, கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் முதன்முதலில் துடுப்புப் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

தெப்பத்தில் ஏறுமுன் லைப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையைத் தருவார்கள். நம் சுரைக்குடுக்கையின் பேத்தி என்று அதைச் சொல்லலாம். வெறும் நீச்சல் தெரிந்தவனுக்கும் இது ஏன் வேண்டுமென்றால், நுரை நீர் வெண்மையாயிருப்பதன் காரணம் அதில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதே. பாதி காற்றாயுள்ள தண்ணீர் உடம்பைத் தாங்காது. கையை வீசினாலும் பிடிப்புக் கிடைக்காது. அன்றியும் ஹிமாலயத்துப் பனி உருகி வரும் கங்கை, வெயில் ஊரிலிருந்து போன உடம்பில் பட்டவுடன் மூச்சைத் தூக்கிப் போடும். அந்த முதல் திணறலில் வாய் நீருக்குள் இருந்தால் எந்த நீச்சலும் பயன்படாது. சட்டையின் வார்களை எல்லாம் இறுகக் கட்டிக்கொண்டு, தோள்பட்டையில் பிடித்து வேறொருவரை மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. வேறு கேளுங்கள். கேட்க வெட்கப்படுகிறவர்கள் ஏறாமலிருப்பது உத்தமம்.

தலைக்கவசமும் அப்படியே. விழுந்தவன் மூழ்குவதற்கு முன்னால் பாறையில் தலை மோதி நினைவிழக்கலாம். நினைவு தப்பியவனுக்குக் கை கால் உதவாது. புடவை, வேஷ்டி, துப்பட்டா இவை கரையிலேயே இருக்கட்டும். நனைந்தால் காலைக் கட்டும். நீண்ட சங்கிலியையும் தொங்கும் காதணியையும் கழற்றிவிடலாம். செருப்பு வேண்டாம், வார் வைத்த காலணி வேண்டும். கைப்பேசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஏனெனில் யாரும் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும்: ஒரு கை கைப்பேசியிலும் மறு கை பல் தெரியச் சிரிக்கும் முகத்தருகிலும் இருந்தால் துடுப்பைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

துடுப்பு என்றவுடன் நினைவுக்கு வருகிறது. அதன் மேல் நுனியில் குறுக்காக ஒரு கைப்பிடி இருக்கும். அதை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெப்பம் குலுங்கும்போது பிடியற்ற அந்த நுனி பக்கத்திலிருப்பவர் பல்லையும் மூக்கையும் உடைப்பது சர்வ சாதாரணம். ராப்டிங்கில் நேரும் காயங்களில் இதற்கு முக்கிய இடமுண்டு.

வழிகாட்டி பின்புறம் அமர்ந்து உத்தரவு கொடுப்பார். முன்னே தள்ளு, பின்னே தள்ளு, நிறுத்து, உள்ளே குனிந்து உட்கார், மேடான பக்கம் சாய் என்று ஐந்தாறு கட்டளைகள்தான். ரிஷிகேசத்தில் அவை ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து வரும். ஆற்றின் ஓசையில் நமக்குத் தெரிந்த பாஷையே காதில் விழாது. ஆகவே கரையிலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தமிழில் சொல்லிச் செய்து காட்டிவிட வேண்டும். குறிப்பாக மேடான பக்கம் சாயும் கட்டளை. தெப்பம் பாறையில் ஒட்டிக்கொண்டு சாயும்போது பாறைக்கு எதிர்ப்பக்கம் ஓடுவதே மனித சுபாவம். அப்படி ஓடினால் ஆற்றுப்பக்கத்து விளிம்பு நீருக்குள் அமிழ்ந்து, எல்லோரையும் கவிழ்த்துவிடும். பாறையைக் கட்டித் தழுவப் போவது போல் அதன் பக்கமே பாய வேண்டும்.

விழுந்தால்

விழுவது அதிசயமன்று, விளையாட்டின் ஒரு பகுதி. விழுந்தபின் செய்வதில்தான் உயிர் இருக்கிறது. மல்லாந்து படுத்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி, கால் கட்டைவிரல்கள் நீருக்கு மேல் கண்ணில் படும்படி மிதக்க வேண்டும். எதிர்வரும் பாறையைக் கால் உதைத்துத் தள்ளும். தலை பின்னால் பத்திரமாயிருக்கும்.

"ஆழந் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியோர் சொன்னார்கள். காட்டாற்றில் ஆழம் தெரிந்தாலும் காலை விடக்கூடாது. இடுப்பளவு நீர் என்று கண்டு எழுந்து நிற்க முயன்றவனின் பாதம் இரு கற்களுக்கிடையே சிக்கும். பின்னாலிருந்து வரும் நீர் அவனை முன்னே குப்புறத் தள்ளும். கால் சிக்கியவனால் எழவும் முடியாது, பின்னே சாயவும் முடியாது. இடுப்பளவு நீரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இறந்துபோவது இவ்விதமே. கை தரையில் படும் அளவுக்கு நீர் குறைந்தபின் புரண்டு, தவழ்ந்து கரையேறுவது கௌரவக் குறைவாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

தெப்பத்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால் இருளாயிருக்கும். பதறாமல் இரு கைகளாலும் அதன் அடியைத் தடவி ஒரே திசையில் நகர்ந்தால் சில விநாடிகளில் விளிம்பு வந்துவிடும். திசையை மாற்றிக்கொண்டிருந்தால் வராது. ஆற்றுக்குள் விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் மட்டும் மல்லாந்த நிலையை விட்டுவிட வேண்டும். மரக்கிளைகளின் ஊடே நீர் புகுந்து போகும், மனிதன் புக மாட்டான். சல்லடையில் தேயிலைச் சக்கை நிற்பது போல் அதில் நிற்பான். முதலில் பக்கவாட்டில் வேகமாக நீந்தி விலக வேண்டும். விலக வழியில்லையென்றால் குப்புறத் திரும்பி, தலை முன்னாக விரைந்து நீந்தி, மரத்தின் மேல் உந்தி ஏறிவிட வேண்டும்.

கங்கைக்கே போகாதவர்களும் அறிந்திருக்க வேண்டியது தடுப்பணையின் குணம். நம் ஊர் ஆறுகளில் எங்கு பார்த்தாலும் இது உண்டு. ஓர் ஆள் உயரங்கூட இராது. மேலே கண்ணாடி போல் வழிந்து, கீழே கொஞ்சம் நுரை. பிள்ளைகள் விரும்பி இறங்கும் இடம். சுவரைத் தாண்டி விழும் நீர் அடிக்குச் சென்று, சற்றுத் தள்ளி மேலே எழும்பி, மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கியே திரும்பி வருகிறது. அதில் விழுந்தவனை அது உள்ளே அமுக்கி, வெளியே தள்ளி, சுவருக்கு இழுத்து, மறுபடியும் அமுக்குகிறது. இயற்கை அருவியில் பாறைகளின் இடைவெளியில் எங்காவது ஒரு வாசல் இருக்கும். மனிதன் நேராகக் கட்டிய சுவரில் கரைக்குக் கரை வாசலே இல்லை. அணை வழியும்போது அதன் கீழ்ப்புறம் இறங்காதிருப்பது ஒன்றே வழி.

காப்பாற்றப் போகிறவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவன் தத்தளிக்கக் கண்டு அண்ணன் குதிப்பான், அண்ணனைக் காணோம் என்று சிநேகிதன் குதிப்பான். மறுநாள் பத்திரிகையில் மூன்று பெயர் வரும். முதலில் கரையிலிருந்தே கம்பை நீட்ட வேண்டும்; எட்டாவிட்டால் கயிற்றை வீச வேண்டும். ராப்டிங் வழிகாட்டிகள் ஒரு சிறு பையில் கயிற்றை அடைத்து வைத்திருப்பது இதற்காகவே. 2020-ஆம் வருஷம் பெரம்பலூர் ஜில்லா கொட்டரையில், மருதையாற்று நீரில் நான்கு இளைஞர்கள் மூழ்குவதைக் கண்ட மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இருவர் அவற்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்தனர். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. மூவருக்கும் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. எந்தப் பயிற்சியும் பெறாத அந்தப் பெண்களுக்கு அந்தக் கணத்தில் தோன்றிய யுக்தி, மீட்புப் படையினருக்குப் பாடமாகச் சொல்லித் தரப்படும் அதே யுக்தி.

மூழ்கி எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் கிராமங்களில் இன்னும் நடக்கின்றன. அவருக்கு வேண்டியது மூச்சு. வயிற்றிலுள்ள நீரைப் பற்றிக் கவலையில்லை. அதை அமுக்கி எடுக்கும் நிமிஷங்களில் மூளை காற்றின்றி மடிகிறது. மூச்சு நின்றிருந்தால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும்படி ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவே முப்பது முறை விரைவாகவும் ஆழமாகவும் அமுக்குவதும், இரண்டு முறை ஊதுவதுமாக மாற்றி மாற்றி, 108 வண்டி வரும்வரை ஓயாமல் செய்ய வேண்டும். ஒருவர் களைத்தால் அடுத்தவர். எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரும்.

நிற்க. தெப்பக் கம்பெனியாரிடம் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. அரசாங்க அநுமதி இருக்கிறதா? கூடவே உதவிக்கு வேறொரு தெப்பமோ சிறு படகோ வருமா? வழியில் அபாயமான இடத்தில் இறங்கிக் கரையோரமாக நடந்து வர இடமுண்டா? தண்ணீர் ஏறியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். கொடுத்த பணம் போய்விடுமே என்ற நினைவுதான் பலரை ஏறச் செய்கிறது. பிள்ளைகளுக்கு வயது வரம்பு சொன்னால், "ஒரு வயதுதானே குறைகிறது" என்று வழிகாட்டியோடு வழக்காட வேண்டாம். மது அருந்தியவரோடு ஒரே தெப்பத்தில் ஏறவும் வேண்டாம். அவர் நம் மைத்துனராயிருந்தாலும் சரியே.

திரும்பிப் போவதில் அவமானம் கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. 1953-ல் எவரெஸ்ட் சிகரத்தை டென்சிங்கோடு முதன்முதலில் எட்டிய எட்மண்ட் ஹிலாரி, 1977-ல் வங்கக் கடலிலிருந்து கங்கையின் எதிர்ப்போக்கில் வேகப் படகுகளில் புறப்பட்டார். காசியைக் கடந்தார்; ஹரித்வாரத்தைக் கடந்தார்; ரிஷிகேசத்துக்கு மேலுள்ள சுழல்களையும் நுரைகளையும் கடந்தார். நந்தப் பிரயாகையில் ஆறு ஒரு பாறைப் படியாக விழுந்தது. படகு ஏறாது என்று கண்டார். படகுகளை அங்கேயே நிறுத்திவிட்டு மலைமேல் நடக்கத் தொடங்கினார்.

எங்கள் அய்யனார் கோயில் ஆற்றங்கரையில் வனத்துறைக் காவலர் கையை நீட்டி மறிக்கும் நாட்களில் அவரோடு வாதாடுகிறவர்களைப் பார்க்கிறேன். "நாங்கள் உள்ளூர்க்காரர்கள்; இந்த ஆறு எங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். அவர் காலையில் மேலே சென்று வந்தவர். உச்சியில் என்ன பெய்தது என்பது அவருக்குத் தெரியும்.

ரிஷிகேசத்தில் மழைக்காலமாகிய ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ராப்டிங் கிடையாது. கங்கை கலங்கிப் பெருகியிருக்கும். செப்டம்பர் பிற்பகுதியில் மறுபடியும் தொடங்கும். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. மே மாதத்தில் போவதென்று ஏற்கெனவே ரயில் டிக்கெட் வாங்கிவிட்டவர்கள் பிரம்மபுரிப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மாலை ஆரத்திக்கும் நேரத்தோடு வந்து சேரலாம்.